சுவரில் படமில்லாத ஹல்மத்

கானீ ஸ்பீ முகாமின் வாசலுக்கு ஒருவன் வந்து நின்று, ஹல்மத்தைப் பார்க்க வேண்டும் என்றான். அவன் அதைச் சொன்னதே ஹல்மத்திடம்தான்.

ஹல்மத் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. வாசல் காவலில் இத்தனை வருஷம் உட்கார்ந்ததில் அவனுக்கு உருப்படியாகக் கைவந்தது அந்த ஒரு வித்தைதான். துப்பாக்கியை மடியில் சரித்து வைத்தபடி வந்தவனை ஏற இறங்கப் பார்த்தான். முப்பதைத் தாண்டிய ஆள். துவைத்த சட்டை, துவைக்காத கால்சட்டை. எல்லைக்கு அந்தப் பக்கத்து சிகரெட் பாக்கெட் சட்டைப்பையில் துருத்திக்கொண்டு தெரிந்தது. ஒளிக்கத் தெரியாதவனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒளிக்கத் தெரியாதவன் மாதிரி வேஷம் போடுகிறவனாக இருக்க வேண்டும்.

"எந்த ஹல்மத்?"

"உங்க டிவியில முகத்தை மூடிக்கிட்டு வந்தாரே. பெஷ்மர்கா நாளன்னைக்கு. படையோட பழைய கதையெல்லாம் பேசினாரே, காக் ஹல்மத்துன்னு மரியாதையாக் கூப்பிட்டாங்களே, அவரு."

"அவருக்கு நீ யாரு?"

"தம்பி."

ஹல்மத்துக்குத் தம்பி கிடையாது. இரண்டு அக்காக்கள்தான். மூத்தவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். சின்னவள் எல்லைக்கு அந்தப் பக்கம் சர்தஷ்தில் பிள்ளைகுட்டியோடு இருக்கிறாள்.

"உங்க அண்ணன் எப்படி இருப்பாரு?"

"தெரியாதுங்க. அவரு வீட்டை விட்டுப் போனப்ப நான் சின்னப் பையன்."

"நேர்ல பார்த்தா அடையாளம் தெரியுமா?"

அவன் ஹல்மத்தின் முகத்தையே உற்றுப் பார்த்தபடி, "தெரியும்னுதான் நெனைக்கிறேன்" என்றான்.

பானே பக்கத்து ஊர்க்காரனாம். பெயர் சதீக். ஹல்மத் அவனைச் சோதித்து, கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டு, வாசலுக்கு வெளியே இருந்த விருந்தினர் அறையில் உட்கார வைத்தான். கதவை வெளிப்பக்கம் தாழிட்டான். பிறகு பாதுகாப்புப் பொறுப்பாளர் நாஸிஹுக்கு ஆள் அனுப்பினான்.

ஹல்மத்தின் சொந்தப் பெயர் உபைது. சர்தஷ்த் மலைக்குக் கீழே வாவான் என்கிற ஊர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். வாத்தியார் பேசிய பாரசீக மொழி இவனுக்குப் புரியவில்லை. இவன் பேசிய குர்தி வாத்தியாருக்குப் பிடிக்கவில்லை. அத்தோடு சரி. செங்கல் சூளையில் மண் மிதித்தான், லாரியில் கிளீனராகப் போனான். ஈராக்கோடு சண்டை நடந்த காலத்தில் ராணுவத்துக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். தெற்கே கொதிக்கிற மணலில் யாருக்காகச் சாகிறோம் என்று தெரியாமல் கிடந்தவன், விடுப்பில் ஊருக்கு வந்ததும் திரும்பிப் போகாமல் மலை ஏறிவிட்டான். மலையில் கட்சி இருந்தது.

அந்தக் கட்சியின் சரித்திரத்தைத் தலைவர்கள் சொன்னால் ஒரு பகல் ஆகும். ஹல்மத் சொன்னால் ஒரு தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும். ஷா ஓடிப்போன வருஷம் கட்சி மலையிலிருந்து இறங்கி ஊர்களைப் பிடித்தது. புது அரசாங்கம் டாங்கியோடு வந்ததும் மறுபடி மலை ஏறியது. மலையிலும் இருக்க விடாமல் அடித்ததில் எல்லை தாண்டி ஈராக் பக்கத்துக் குர்துகளிடம் வந்து முகாம் போட்டது. இடம் கொடுத்தவர்கள், துப்பாக்கி முகாமுக்குள்ளேயே இருக்கட்டும் என்றார்கள். சண்டை போட எதிரில் ஆள் இல்லாமல் போனதும் கட்சி தன்னைத்தானே இரண்டாக வெட்டிக்கொண்டது. இரண்டு துண்டுக்கும் அதே பெயர், அதே கொடி. ஒரே பள்ளத்தாக்கில் நடுவே ஒரு முள்வேலி. முன்பு ஒரே போர்வையில் படுத்தவர்கள் இப்போது வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

பெஷ்மர்கா என்றால் சாவுக்கு முன்னால் போய் நிற்பவன். அப்படி நின்று விழுந்தவனின் இயக்கப் பெயரை அடுத்து வருகிறவனுக்குக் கொடுத்துவிடுவார்கள். பெயர் தரையில் கிடக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். துரோகியின் பெயரை மட்டும் யாருக்கும் கொடுப்பதில்லை, யாரும் வாயால் சொல்வதும் இல்லை.

உபைது மலைக்கு வந்த வசந்தத்தில், அணித் தளபதி ஷெரீஃப் அவனைப் பார்த்து, "இன்னையிலிருந்து நீ ஹல்மத்" என்றார். சுற்றி உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தவர்களின் கை அப்படியே நின்றது. ஒருவன் பாதி ரொட்டியை வைத்துவிட்டு எழுந்து போனான். அந்தப் பெயர் யாருடையது என்று புதியவன் கேட்டான். "இனிமே அவனுக்கு வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஷெரீஃப் நடந்துவிட்டார்.

பிற்பாடு முகாமில் நினைவு மண்டபம் கட்டி, விழுந்தவர்களின் படங்களை வரிசையாக மாட்டினார்கள். ஒவ்வொருவனும் தன் பெயருக்குரியவனின் படத்தைத் தேடிப்போய், நானும் இவனும் ஒரே ஜாடை என்று கேலி பேசிக்கொண்டான். ஹல்மத் சுவரை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தான். அவனுக்கு ஆள் இல்லை. ஷெரீஃப் வாய்க்கு வந்த ஏதோ ஒரு பெயரை வைத்துவிட்டார் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டான். ஆனால் அந்தப் பாதி ரொட்டி அவன் நினைவை விட்டுப் போகவில்லை.

நாஸிஹ் வந்தான். ஹல்மத்தைவிட பத்து வயது இளையவன். யார் எது சொன்னாலும் ஒரு புருவம் மட்டும் மேலே போகும்.

"காக் ஹல்மத், உனக்குத் தம்பி இல்லையே."

"இல்ல."

"அப்புறம் இவன் எங்கிருந்து மொளைச்சான்?"

"அதை எங்கப்பாவைத்தான் கேக்கணும். அவரும் செத்துட்டாரு."

நாஸிஹ் சிரிக்கவில்லை. "வீட்டுக்குக்கூட நம்ம இயக்கப் பேரைச் சொல்றதில்ல. இவன் எல்லை தாண்டி வந்து நேரா உன் பேரைச் சொல்றான். எத்தனை பேர் இருக்கோம் இங்க, ஏன் உன் பேரு?"

"டிவியில பேசச் சொன்னது நீங்கதானே? நான் பாட்டுக்கு வாசல்ல உட்கார்ந்திருந்தேன்."

"பார்ப்போம்" என்றான் நாஸிஹ். பார்ப்போம் என்று அவன் சொன்னால், ஹல்மத்தையும் சேர்த்துத்தான் என்று அர்த்தம்.

விருந்தினர் அறையில் மூன்று பேரும் தேநீரோடு உட்கார்ந்தார்கள். சதீக் பெயர் கேட்டதற்கு ஹல்மத், "உபைது" என்றான். அன்றைக்கு அவனுடைய சொந்தப் பெயரே அவனுக்குப் பொய்ப் பெயராக உதவியது.

சதீக் கேட்காததையும் சேர்த்துச் சொன்னான். அண்ணனுடைய சொந்தப் பெயர் தஹ்ஸீன். கட்சியில் சேர்ந்த பிறகு ஒரே ஒரு தடவை, கொட்டுகிற பனியில் ஊருக்கு வந்தான். கிளம்பும்போது அம்மாவின் காதில், "இப்ப என் பேரு ஹல்மத். ரேடியோல அந்தப் பேர் வந்தா நான் உசிரோட இருக்கேன்னு வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அம்மாவுக்கு இப்போது கண் தெரிவதில்லை. டிவி பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"காக் ஹல்மத்துன்னு டிவியில கேட்டதும் துள்ளி எழுந்துட்டா. கொரலு வேற மாதிரி இருக்கேம்மான்னு சொன்னேன். இருபத்தஞ்சு வருஷம் குளிர்ல கெடந்தா உன் கொரலு மட்டும் குயிலாவா இருக்கும்னு என்னைத் திட்டினா."

"பனியில வந்தாருன்னியே, எப்படித் திரும்பிப் போனாரு? ரோடெல்லாம் ராணுவமாச்சே" என்றான் நாஸிஹ், ரொம்ப சாதாரணமாக.

"மலை வழியாத்தான். அம்மா புது பூட்ஸும் கம்பளிக் காலுறையும் வாங்கி, பிளாஸ்டிக்ல சுத்திக் குடுத்தா. வழியில போடாதே, சிநேகிதங்க முன்னாடி போய் நிக்கிறப்ப போடு, பிச்சைக்காரன் மாதிரி நனைஞ்ச காலோட நிக்காதேன்னா. ஊர் எல்லை வரைக்கும் நான்தான் அந்தப் பொட்டலத்தைத் தூக்கிட்டுப் போனேன்."

நாஸிஹ் வெளியே வந்து ஹல்மத்தின் தோளில் கை வைத்தான். "நல்லாத்தான் பண்ணி அனுப்பியிருக்காங்க. பூட்ஸு, அம்மா, கண்ணு தெரியாது. உப்பு, காரம் எல்லாம் அளவா இருக்கு."

ஹல்மத்துக்கும் அப்படித்தான் பட்டது. உண்மையைச் சொல்கிறவன் இவ்வளவு கச்சிதமாகச் சொல்வானா? நாஸிஹ் சற்றுத் தள்ளிப் போய் மேலிடத்துக்குப் போன் செய்தான். பேச ஆரம்பித்தபோது புருவம் மேலே இருந்தது. பேசி முடித்தபோது கீழே வந்திருந்தது. ஹல்மத் அதைக் கவனித்தான்.

உள்ளே போனதும் நாஸிஹ் சதீக்கிடம், "பேர் ஒத்துப்போச்சு, அவ்வளவுதான். நீ டிவியில பார்த்தவர் வேற ஆளு. இப்ப ஐரோப்பாவுல இருக்காரு" என்றான்.

"அப்ப எங்க அண்ணன்?"

"அப்படி ஒருத்தர் எங்ககிட்ட இருந்ததே இல்ல."

சதீக் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். கைப்பேசியை வாங்கிக்கொண்டான். ரானியாவில் ஒரு விடுதியில் தங்கியிருப்பதாகவும், நாளை மதியம் எல்லைக்குப் போகும் வண்டியில் கிளம்புவதாகவும் சொல்லிவிட்டு நடந்தான்.

ஹல்மத் நாஸிஹிடம் கேட்டான். "நீ சேர்ந்தப்ப நாங்க எல்லை தாண்டி வந்து எவ்வளவு காலம் ஆயிருந்துச்சு. மலையில யாரு இருந்தா, யாரு இல்லன்னு உனக்கெப்படித் தெரியும்?"

"இதோட விட்டுடு, காக் ஹல்மத்."

"யாரு சொல்றது?"

"மேல."

அதுவரை ஹல்மத் வந்தவனை மட்டும்தான் சந்தேகித்தான். இப்போது தன் வீட்டுக் கூரையையும் அண்ணாந்து பார்க்க வேண்டியதாகிவிட்டது.

மனைவி குலாலேவிடம் சொன்னான். அவளும் கட்சிக்காரிதான், மலையில் வானொலிப் பிரிவில் இருந்தவள். வெந்தயக் கீரை நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பக்கத்து உளவுத்துறைக்காரன் அனுப்பின ஆளா இருந்தா நாஸிஹ் என்ன பண்ணியிருப்பான்?"

"பிடிச்சு வெச்சிருப்பான். துருவித் துருவி விசாரிச்சிருப்பான்."

"விட்டுட்டானே. அப்ப அவனை நம்பிட்டாங்க. நம்பினதாலதான் பயந்து அனுப்பிட்டாங்க." அவள் கத்தியை வைத்தாள். "உனக்குப் பேரு வெச்சது யாரு?"

"ஷெரீஃப்."

"அவர்கிட்டயே போய்க் கேளு. வேலிக்கு அந்தப் பக்கம் போனா சுட்டுடுவாங்களா?"

"சுட மாட்டாங்க. பார்ப்பாங்க. அது அதைவிட மோசம்."

"வாசல்ல நின்னுக்கிட்டு ஊர்ல உள்ளவனையெல்லாம் நீ பார்க்கலையா? ஒரு நாள் உன்னையும் பார்க்கட்டும்."

மறுநாள் காலை ஹல்மத் வேலியில் ஆடு நுழையும் சந்து வழியாக அந்தப் பக்கம் போனான். இரண்டு பக்கத்திலும் கண்கள் அவன் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்தன. மாம், அதாவது பெரியப்பா, என்று எல்லோரும் கூப்பிடும் ஷெரீஃப் கிழவர் ரப்பர் குழாயைப் பிடித்து வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"வாசக்காரன் வேலி தாண்டி வந்திருக்கான். உங்க பக்கம் சோறு தீந்துபோச்சா?"

"சோறு இருக்கு, மாம் ஷெரீஃப். நீங்க குடுத்த பேரைத்தான் திருப்பிக் குடுக்கலாமான்னு வந்தேன்."

"பழைய துணியெல்லாம் திருப்பி வாங்குறதில்ல."

"தஹ்ஸீனோட தம்பி வந்திருக்கான்."

கிழவர் நிமிரவில்லை. தண்ணீர் ஒரே இடத்தில் விழுந்து பாத்தியில் குழி பறித்தது.

"பூட்ஸைப் பத்தி ஏதாவது சொன்னானா?"

ஹல்மத் பூட்ஸைப் பற்றி வாயே திறந்திருக்கவில்லை.

கிழவரும் தன் வாயிலிருந்து என்ன விழுந்தது என்று தெரிந்துகொண்டார். அதன் பிறகு ஒவ்வொரு சொல்லையும் பிடுங்க வேண்டியிருந்தது.

"இடுப்பளவு பனி. எல்லார் காலும் அழுகிக் கெடந்துச்சு. அதுக்கு முன்னாடிதான் நம்ம பசங்களை வழியில பதுங்கியிருந்து அடிச்சிருந்தாங்க. எவனோ காட்டிக் குடுத்திருக்கான். எவன்னு தெரியல. அப்ப வரான் இவன், ஊர்லேருந்து. காஞ்ச காலு, புது பூட்ஸு. அவ்வளவு பனியில காலு நனையாம எப்படி வருவான்? ஜீப்புல கொண்டாந்து எறக்கிவிட்டுப் போயிருக்காங்கன்னு..."

"கேக்கலையா அவரை?"

"கேட்டாங்க. அம்மா குடுத்தா, பாறைக்குப் பின்னாடி உட்கார்ந்து மாத்திக்கிட்டேன்னான். நல்லாத்தான் சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்காங்கன்னு பேசிக்கிட்டாங்க."

"கேட்டாங்க, பேசிக்கிட்டாங்கன்னா யாரு?"

"உங்க பக்கத்துல மேல உட்கார்ந்திருக்கானுங்களே, அவனுங்களைப் போய்க் கேளு."

"நீங்க எங்க இருந்தீங்க?"

கிழவர் குழாயை அடுத்த பாத்திக்கு மாற்றினார். "பனி உருகினதும் சமையக்காரன் ஒருத்தன் ஓடிப்போய் அவங்க உளவுத்துறையில சேர்ந்தான். அவன்தான் காட்டிக் குடுத்தவன்."

"அப்புறம்?"

"அப்புறம் நீ வந்தே."

துரோகியின் பெயரை யாருக்கும் கொடுப்பதில்லை. கொடுத்துவிட்டால் அவன் துரோகி இல்லை என்று ஆகிவிடுகிறது. சுவரில் படம் மாட்ட முடியாததை, புதிதாக வந்த ஒரு பட்டிக்காட்டான் தலையில் கிழவர் மாட்டியிருக்கிறார். ரொட்டி தின்றுகொண்டிருந்தவர்கள் எல்லோருக்கும் அது அன்றைக்கே விளங்கியது. சுமந்தவனுக்கு மட்டும் விளங்கவில்லை.

"தம்பிகிட்ட சொல்லிடாதே" என்றார் கிழவர். "பாஸ்போர்ட் கெடைச்சு வர்றவன் எல்லாரும் அனுப்பி வெச்சு வர்றவன்தான். சொன்னா நாளைக்கே அவங்க டிவியில வரும், கட்சி தன் ஆளையே சுட்டுத் தின்னுச்சுன்னு."

அதில் பொய் இல்லை. திரும்பி வரும்போது ஹல்மத்துக்கு இன்னொன்றும் தோன்றியது. இவ்வளவு வருஷம் மூடிய வாயைக் கிழவர் இன்று திறந்தது மனசு பொறுக்காமலா, இல்லை வேலிக்கு இந்தப் பக்கத்துத் தலைவர்கள்மேல் சேறு பூசவா? அந்தப் பள்ளத்தாக்கில் யார் சொன்ன உண்மைக்கும் பின்னால் ஒரு வால் இருக்கும்.

ரானியா கடைத்தெருவில், வண்டி நிற்கிற இடத்துக்கு எதிரே இருந்த தேநீர்க் கடையில் சதீக் பையோடு உட்கார்ந்திருந்தான். ஹல்மத் எதிரே போய் உட்கார்ந்தான்.

"வாங்க, உபைதண்ணே. ஐரோப்பாவுலேருந்து எங்க அண்ணன் போன் பண்ணினாரா?" என்றான் சதீக். பேச்சில் கசப்பு இருந்தது.

"உன்னை யாரு அனுப்பினது?"

"அம்மா."

"உங்கம்மா பாஸ்போர்ட் ஆபீஸ்லயா வேலை பாக்குறாங்க?"

சதீக் சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு தேநீரை உறிஞ்சினான். பிறகு சொன்னான். "உளவுத்துறையில கூப்பிட்டாங்க. கையெழுத்து வாங்கினாங்க. திரும்பி வந்ததும் வந்து பேசணும்னாங்க. வாசல்ல எத்தனை பேரு, யாரு என்னன்னு."

"என்ன சொல்லப் போறே?"

"வாசல்ல ஒருத்தர் இருந்தாரு, அண்ணனைத் தேடி வந்தவன்கிட்டயே அண்ணன் எப்படி இருப்பாருன்னு கேட்டாருன்னு சொல்லுவேன்."

ஹல்மத்துக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டான். ஒப்புக்கொள்வதும் நம்ப வைக்க ஒரு வழிதான். அதைச் சொல்லிக் கொடுக்கிற இடம் அங்கே உண்டு. இவனை நம்ப ஒரு காரணமும் இல்லை, நம்பாமல் இருக்கவும் ஒரு காரணம் இல்லை. காய்ந்த காலோடு வந்து நின்றவனைப் பார்த்தவர்களும் இப்படித்தான் கணக்குப் போட்டிருப்பார்கள். அப்போது எந்தப் பக்கம் சாய்ந்தார்கள் என்பது அவனுக்குத் தெரியும்.

"உங்க அண்ணன் செத்துட்டாரு" என்றான். "அந்தப் பனிக்காலத்துலயே. எங்க ஆளுங்க சந்தேகப்பட்டு சுட்டுட்டாங்க. தப்பா சுட்டுட்டாங்க."

சதீக் அழவில்லை. தேநீர்க் குவளையைத் தட்டில் சுற்றிக்கொண்டே இருந்தான். "இதை எங்களுக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க."

"யாரு?"

"உளவுத்துறைக்காரங்கதான். ரொம்ப வருஷம் முன்னாடி. உங்க ஆளுங்களே உங்க மகனைச் சுட்டுட்டாங்கன்னு. அம்மா அவன் மூஞ்சியில துப்பிட்டு வந்தா. வேற எவன் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பா. அவங்க சொன்னதால, அன்னையிலிருந்து உசிரோடதான் இருக்கான்னு முடிவே பண்ணிட்டா." அவன் நிமிர்ந்தான். "எதை வெச்சு சந்தேகப்பட்டாங்க?"

தன் பிள்ளை கால் நனையக் கூடாது என்று நினைத்தவள் ஒருத்தி அங்கே கண் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறாள். ஹல்மத், "எதையோ வெச்சு. சந்தேகப்படுறவனுக்குக் காரணமா கெடைக்காது?" என்றான். அன்றைக்கு அவன் சொன்ன ஒரே பொய் அதுதான்.

சதீக் கைப்பேசியை எடுத்து மேசைமேல் வைத்தான். "நான் போய்ச் சொன்னா நம்ப மாட்டா. அவங்க சொல்லிக் குடுத்ததைச் சொல்றேன்னு என் மூஞ்சியிலயும் துப்புவா. இந்தப் பக்கத்து ஆளு சொன்னாத்தான் நம்புவா. நீங்களே சொல்லுங்க."

ஹல்மத் எழுந்துவிட்டான். இவன் இதற்காகத்தான் வந்தானா? அந்தப் பக்கத்து ஆளிடம் குரலைப் பதிய விடக் கூடாது, சொந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. முகாமில் நுழைந்த முதல் நாளே சொல்லித் தருகிற பாடம். இந்தக் கருவி கிழவியின் காதுக்குப் போகிறதோ, உளவுத்துறையில் ஒரு மேசை விளக்குக்குக் கீழே போகிறதோ, யார் கண்டது? சர்தஷ்தில் அக்கா இருக்கிறாள். அவள் பையன்களில் ஒருவன் அரசாங்கப் பள்ளியில் வாத்தியார்.

கடை வாசல்வரை போனான். வண்டிக்காரன் எல்லை, எல்லை என்று கூவிக்கொண்டிருந்தான். ஹல்மத் திரும்பி வந்து உட்கார்ந்து, கைப்பேசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"அம்மா, டிவியில பேசினது நான்தான். நான் உங்க மகன் இல்ல. என் பேரு உபைது. வாவான் ஊரு, ரஸூல் மகன். உங்க மகன் பேரை எனக்கு வெச்சாங்க. இத்தனை வருஷம் நான் அதைச் சொமந்துக்கிட்டிருந்தேன், யாரோடதுன்னு தெரியாம. அவரு யாரையும் காட்டிக் குடுக்கல. எங்க ஆளுங்கதான் சுட்டாங்க. துரோகியா இருந்தா அந்தப் பேரை எனக்குக் குடுத்திருக்க மாட்டாங்க. உங்களுக்கு யாரு என்ன சொன்னாலும் இதை மட்டும் வெச்சுக்கோங்க."

சதீக் கைப்பேசியை எடுத்துச் சட்டைக்குள் வைத்தான். கை கொடுக்கவில்லை. வண்டியில் ஏறும்போது திரும்பிப் பார்க்கவும் இல்லை.

நாஸிஹ் தானாகக் கண்டுபிடிப்பதற்குள் ஹல்மத்தே போய்ச் சொல்லிவிட்டான். நாஸிஹின் புருவம் மேலே போனது.

"பேரு?"

"சொன்னேன்."

"அப்பா பேரு, ஊரு?"

"அதையும் சொன்னேன்."

"காலணி அளவு மட்டும் பாக்கி வெச்சுட்டியா?" என்றான் நாஸிஹ். அவனுக்கு அந்தப் பழைய கதை எவ்வளவு தெரியும் என்று ஹல்மத்துக்கு இன்றுவரை தெரியாது.

அன்றே வாசல் பறிபோனது. துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, ரொட்டி அடுப்புக்கு அனுப்பினார்கள். மாவு பிசைகிறவனிடம் வந்து யாரும் எதுவும் கேட்பதில்லை. ஹல்மத் என்று கூப்பிட்டால் அவன் திரும்புவதில்லை என்று தெரிந்ததும், ரொட்டிக்காரன் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். மாலையில் எதிரியின் டிவியைப் போட்டுவிட்டு உட்காருவான். தன் குரல் வருகிறதா என்று கேட்பான். வரவில்லை. வராததும் அவனுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. அக்காவுக்குப் போன் செய்தான். ஒன்றுமில்லையே, ஏன் கேட்கிறாய் என்றாள் அவள், கொஞ்சம் வேகமாக.

இலையுதிர்காலத்தில், எல்லையில் சுமை தூக்கும் ஒருவன் ரானியா தேநீர்க் கடையில் ஒரு துணிப்பையைக் கொடுத்துவிட்டுப் போனான். ரஸூல் மகன் உபைதுக்கு என்று மட்டும் சொன்னானாம். யார் கொடுத்தது என்று கேட்டதற்கு, தனக்கு ஒரு டிரைவர் கொடுத்தான் என்றானாம். உள்ளே காய்ந்த மல்பெரியும் உடைத்த அக்ரூட்டும் இருந்தன. வேறு ஒரு சொல்லும் இல்லை.

நாஸிஹ் தகவல் தெரிந்து அடுப்படிக்கே வந்துவிட்டான். அந்தப் பக்கத்திலிருந்து வரும் தின்பண்டத்தைக் குழி தோண்டிப் புதைப்பது முகாமின் சட்டம். ஒரு காலத்தில் விருந்தாளி கொண்டுவந்த மோரைக் குடித்த சிலர் முடியெல்லாம் கொட்டிச் செத்திருக்கிறார்கள்.

"அந்தப் பேரு இப்ப ரெண்டு பேருக்குத் தெரியும். அந்த அம்மாவுக்கு, அப்புறம் அவங்களுக்கு" என்றான் நாஸிஹ். "யாரு அனுப்பினதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப புதை."

குலாலே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "மொதல்ல எனக்குக் குடு. உன் ரொட்டியைத் தின்னு உசிரோட இருக்கேன், இதெல்லாம் என்னை ஒன்னும் பண்ணாது."

"நீ சும்மா இரு" என்றான் உபைது. மாவு ஒட்டியிருந்த கையைத் துடைத்துக்கொண்டு, பைக்குள் விட்டு ஒரு பிடி அள்ளினான். முகர்ந்து பார்க்கவில்லை. வாயில் போட்டு, நின்றபடியே மென்று விழுங்கினான். பிறகு இன்னொரு பிடி.

நாஸிஹ் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். மறுநாள் காலை ரொட்டி வாங்குகிறவர்களின் வரிசையில், வழக்கமாக ஆள் அனுப்புகிறவன் தானே வந்து நின்றான்.

"வயிறு எப்படி இருக்கு?"

"இதுவரைக்கும் இருக்கு" என்றான் உபைது. "உனக்குக் கொஞ்சம் வேணுமா?"

நாஸிஹ் அடுப்போரம் இருந்த பையைப் பார்த்தான். உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை.